பட்டமளிப்புக் கண்காட்சிக்கு மறுநாள்

நீங்கள் கேட்டது இதுதான். ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கிறீர்கள். இறுதியாண்டில் அசத்தலாக வேலை செய்த மாணவர்களில் பலர் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தூரிகையைத் தொடுவதே இல்லை. வாழ்நாள் முழுக்கப் படைத்துக்கொண்டே இருப்பதை வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முடியுமா, இல்லை அது பிறவிக்குணமா?

கற்றுக்கொடுக்க முடியும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கற்றுக்கொடுக்கவில்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால். படிப்பு முடித்து ஆறு ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்த ஒரு முன்னாள் மாணவி, தன் வரைபுத்தகத்தையும் எடுத்து வந்திருந்தாள். தடித்த அட்டை, ஓரங்களில் கரித்தூள் படிந்த விரல் தடங்கள். பாதிவரை ஒரு பக்கம்கூடக் காலியில்லை. கைகள், நாற்காலிகள், உறங்குகிறவர்களின் முகங்கள், ஒரே தெருவிளக்கு பதினோரு முறை. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு தேதி, அதன் கீழே அரைகுறையாக ஒரு ஜன்னல். அதற்கப்புறம் வெள்ளைத்தாள்தான். அந்தத் தேதி, பட்டமளிப்புக் கண்காட்சிக்கு மறுநாள். அவள் சோம்பேறி இல்லை. அவள் வகுப்பில் அவளைவிட உழைத்தவர் யாரும் இல்லை. “உட்கார்ந்தேன் சார், எதற்காக வரைகிறேன் என்று தெரியவில்லை” என்றாள்.

அன்று இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். படித்த காலமெல்லாம் அவளிடம் நான்கு இருந்தன: ஒரு கேள்வி, ஒரு கெடு, ஓர் இடம், பார்ப்பதற்கு நாலு பேர். நான்கையும் கொடுத்தது நாங்கள். கண்காட்சி முடிந்த அன்று நான்கையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகும் அவள் வரைந்திருந்தால்தான் அதிசயம்.

அன்றிலிருந்து என் கற்பித்தல் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் நடக்கிறது. இந்த நான்கையும் மாணவர்கள் நம் கூரையின் கீழ் இருக்கும்போதே, ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ள வேண்டும். விலக்கும்போது அவர்கள் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் வெளியே தனியாக இருக்கும்போது வராமல், நாம் பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும்.

மிகக் கடினமானது கேள்வியை விலக்குவது. முதலாண்டிலிருந்து நாம் தலைப்புக் கொடுத்தே பழக்குகிறோம். ‘எல்லை’ என்ற சொல்லை வைத்து ஐந்து படங்கள் செய், இந்த அமைப்புக்கு ஓர் அடையாளச் சின்னம் செய் என்று சொல்கிறோம். மாணவர்கள் பதில் சொல்வதில் மகாகெட்டிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். தங்களுக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் இறுதியாண்டில் ஆறு வாரங்களைக் காலியாக விடுகிறேன். தலைப்பு இல்லை, ஊடகம் சொல்வதில்லை, அளவு சொல்வதில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் கொண்டாட்டம். இரண்டாம் வாரம் முகங்கள் வாடும். மூன்றாம் வாரம் ஒவ்வொருவராக வந்து “ஏதாவது ஒரு தலைப்பு கொடுத்துவிடுங்கள்” என்பார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் இரங்கிவிடக் கூடாது. கைவிட்டும் விடக் கூடாது.

நான் செய்வது இது. முதலாண்டிலிருந்து செய்த எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வேன். மதிப்பெண் வாங்கியவை, கிழித்துப் போட இருந்தவை, நோட்டின் ஓரக் கிறுக்கல்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்புவோம். யாரும் கேட்காமலேயே திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். வரைகலை வடிவமைப்பு படித்த ஒரு மாணவன் தனக்கென்று எந்த ஆர்வமும் இல்லை என்று சாதித்தான். தரையில் பரப்பியபோது, நான்கு ஆண்டு நோட்டுகளின் ஓரங்களிலும் எண்கள். குறிப்பாக 2. வால் நீண்ட 2, வயிறு பெருத்த 2, கழுத்து ஒடிந்த 2. சுவரொட்டிப் பயிற்சிக்காக எழுதிய குறிப்புகளின் பக்கத்திலும், கணக்குப் பார்த்த துண்டுச்சீட்டிலும் அதேதான். அவன் கேள்வி நான்கு ஆண்டுகளாக அவன் கையிலேயே இருந்திருக்கிறது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி மூன்று வாரமும் எண்களை மட்டுமே வரைந்தான். இப்போது எழுத்துரு வடிவமைக்கிறான், சம்பள வேலைக்கு வெளியே, தனக்காக.

ஒரு நல்ல கேள்வி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு நான் மாணவர்களுக்குக் காட்டுவது ஓவியர் யோசெஃப் ஆல்பர்ஸை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலும், அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரியிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். 1950-இல், தன் 62-ஆம் வயதில், சதுரத்துக்குள் சதுரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1976-இல் இறக்கும்வரை, 26 ஆண்டுகள், அதே அமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்ற ஒற்றைக் கேள்விதான் அத்தனைக்கும் அடியில் இருந்தது. ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் எந்த நிறம், எந்த நிறுவனத்தின் வண்ண டியூப் என்று எழுதிவைத்தார். முன்புறத்தைவிட அந்தப் பின்புறத்தைத்தான் மாணவர்களைப் பார்க்கச் சொல்கிறேன். அடுத்த படத்துக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

இனி கெடு. வெளியிலிருந்து வரும் கெடு போன பிறகு, பெரும்பாலோர் அதைவிடக் கொடுமையான ஒன்றைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்: தினமும் நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஒரு படம் என்று. மூன்றாம் வாரம் தவறும். தவறியதும் குற்றவுணர்வு. குற்றவுணர்வு வந்ததும் மேசைப் பக்கமே போகமாட்டார்கள். ஜப்பானில் பிறந்த ஓவியர் ஒன் கவாரா 1966 ஜனவரி 4-ஆம் தேதி தொடங்கி, அந்தந்த நாளின் தேதியை மட்டும் படமாகத் தீட்டினார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அதை அழித்துவிடுவார். பல பத்தாண்டுகள் இப்படிச் செய்தார். மாணவர்களுக்கு இதைக் கேட்டதும் பிடித்துப்போகும், உடனே பின்பற்றப் பார்ப்பார்கள். அவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அவரும் எல்லா நாளும் தீட்டவில்லை. தீட்டாத நாளுக்கு அவர் விதியில் தண்டனையும் இல்லை. தொடங்கினால் அன்றே முடிக்க வேண்டும் என்பதுதான் விதி. உடையாத விதி அப்படித்தான் இருக்கும்.

நான் சொல்லிக்கொடுக்கும் அளவு இருபது நிமிடம். அதற்கு மேல் ஓடினால் மகிழ்ச்சி. ஆனால் இருபது நிமிடத்தைவிட முக்கியமானது எழுந்திருக்கும் விதம். மேசையை விட்டு எழும்போது ஒரு சீட்டில் அடுத்த முறை கையை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். “படத்தை முடிக்க வேண்டும்” என்று எழுதினால் அது சீட்டே இல்லை. “இடது மூலைச் சாம்பல் நிறம் சூடான சாயலில் இருக்கிறது, துளி நீலம் சேர்த்துப் பக்கத்தில் தடவிப் பார்” என்று எழுதினால் அது சீட்டு. களைத்து வீடு திரும்புகிறவனுக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. ஆனால் துளி நீலம் சேர்க்கும் அளவுக்குக் கை வரும். அதைச் சேர்த்துவிட்டால் அடுத்தது தானாக வரும்.

ஆனாலும் விட்டுப்போகும். நோய் வரும், குழந்தை பிறக்கும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், வேலை போகும், வேலை கூடும். இதில் பெண்கள் இழக்கும் ஆண்டுகள் அதிகம் என்பதை வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும். வாழ்நாள் முழுக்கப் படைத்தவர்கள் இடைவெளியே விடாதவர்கள் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் இடைவெளிக்குப் பிறகு திரும்பி வரத் தெரிந்தவர்கள். என் பாடத்திட்டத்தில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னால், திரும்பி வரும் பயிற்சியைத்தான் வைத்துக்கொள்வேன்.

அதை இப்படி நடத்துகிறேன். பருவத்தின் நடுவில் இரண்டு வாரம் எதையும் செய்யக் கூடாது என்று தடை போடுவேன். வரைபுத்தகங்களை வாங்கிப் பூட்டிவிடுவேன். மூன்றாம் வாரம் திரும்பக் கொடுத்து, மறுபடி தொடங்கிய முதல் மூன்று நாளும் என்ன நடந்தது என்று எழுதச் சொல்வேன். மதிப்பெண் அந்தக் குறிப்புக்குத்தான், படத்துக்கு இல்லை. முதல் நாள் கை மரத்துப்போயிருந்தது, வரைந்தது அசிங்கமாக இருந்தது, தாளைக் கசக்கிவிடத் தோன்றியது என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்றும் எல்லோரும் எழுதுவார்கள். அந்த முதல் நாள் அசிங்கம் தன் திறமை போய்விட்டதற்கு அடையாளம் இல்லை, எல்லோருக்கும் வருவதுதான் என்று ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால் போதும். முப்பத்தைந்து வயதில் நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு உட்காரும்போது அந்த முதல் நாளிலேயே எழுந்து போய்விட மாட்டார்கள். திரும்பி வருவதற்கு ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொள்வார்கள். ஒரு மாணவி தன் கடைசிப் படத்தை அப்படியே நகலெடுத்துத் தொடங்குவாள். இன்னொருவர் பத்துத் தாள்களுக்கு வெறும் பூச்சு மட்டும் போடுவார், பதினோராவதில் தானாகக் கோடு விழும்.

உடம்பே வழிமறிக்கும் நாளும் வரும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆனார். வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டத் தொடங்கி, 1954-இல் இறக்கும்வரை அதில் வேலை செய்தார். சாந்திநிகேதனில் கற்பித்த ஓவியர் வினோதபிகாரி முகர்ஜி 1950-களில் கண் அறுவை சிகிச்சை தோற்றுப் பார்வையை முற்றிலும் இழந்த பிறகு, தாள் வெட்டி ஒட்டினார், சிற்பம் செய்தார், 1972-இல் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியத்தை அமைத்தார். மன உறுதிக்கு உதாரணமாக மட்டும் இவர்களைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இருவரும் தங்கள் கேள்வியை ஊடகத்திலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ‘நான் எண்ணெய் வண்ண ஓவியர்’ என்று மட்டும் தன்னை அறிந்தவருக்கு எண்ணெய் வண்ணம் போனால் எல்லாம் போயிற்று. அதனால் ஒவ்வொரு மாணவரும் தன் கேள்வியை, தனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஒரு ஊடகத்தில் ஒரு மாதம் செய்துபார்க்க வைக்கிறேன்.

இடத்துக்கு வருகிறேன். நாம் கொடுக்கும் ஸ்டூடியோவின் உயரமும் வெளிச்சமும் பெரும்பாலான மாணவர்களுக்கு வாழ்நாளில் மறுபடி கிடைக்காது. குடுவைகளையும் பாத்திரங்களையும் வரைந்த இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ மொராந்தி தன் சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில், தான் உறங்கும் அறையிலேயே பல பத்தாண்டுகள் ஓவியம் தீட்டினார். சம்பாத்தியத்துக்கு முதலில் தொடக்கப் பள்ளிகளில் வரைதல் ஆசிரியர், பிறகு 1930 முதல் 1956 வரை கலைக்கழகத்தில் உலோகத் தகட்டு அச்சோவியப் (எச்சிங்) பேராசிரியர். மேசைமேல் தாள் விரித்து, குடுவைகள் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவைப்பார். கோட்டின்மேல் கோடாக அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. எடுத்த குடுவையைத் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் சொன்ன சீட்டும் அந்தப் பென்சில் கோடும் செய்வது ஒரே வேலை.

நான் ஒரு மாதம் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும் பொருள்களோடு மட்டும் வேலை செய்யச் சொல்வேன். ஓவியர்கள் சமாளித்துவிடுவார்கள். திணறுகிறவர்கள் அச்சோவியர்களும் மட்பாண்டம் செய்கிறவர்களும்தான். அச்சு இயந்திரமும் சூளையும் வீட்டில் இராது. மரச்செதுக்கு அச்சைக் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுக்கலாம் என்று பார்த்ததும் அச்சோவியர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மண் வேலை செய்கிறவர்கள் சூளையை யாரோடு பகிர்ந்துகொள்வது என்பதைப் படிக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய அறையைப் பற்றிப் பேசினால் நுரையீரலைப் பற்றியும் பேசியாக வேண்டும். காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் வரும் நுரையீரல் நோயைக் குணப்படுத்த முடியாது. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். உறங்கும் அறையில், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் திறந்து வைக்கக் கூடாது. நாள் முழுக்கக் கணினிச் சுட்டியைப் பிடித்த மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால், அதைப் பொறுத்துக்கொள்வது உழைப்பு ஆகாது. நாற்பது ஆண்டு வேலை செய்ய வேண்டிய கை அது. இதை முதல் நாள் பாதுகாப்பு அறிவிப்போடு முடித்துவிடுகிறார்கள் பலர். எனக்கு அதில் கோபம் உண்டு.

நான்காவது, பார்க்கும் கண்கள். வாரந்தோறும் நடக்கும் விமர்சன அமர்வில் ஆசிரியர் பேசுவார், மாணவர் தலையாட்டுவார். ஆசிரியர் போனபின் அங்கே எதுவும் மிஞ்சாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய நான்கு படி முறையை நான் பயன்படுத்துகிறேன். முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார்கள். கருத்துச் சொல்வது கடைசியில்தான், அதுவும் படைத்தவரின் அனுமதி பெற்று. “ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது” என்பது கேள்வி வேடமிட்ட தீர்ப்பு. “இந்த வெளிச்சத்தை எப்படி முடிவு செய்தாய்” என்பது கேள்வி. இந்த வேறுபாட்டைப் பிடிக்க ஒரு பருவம் ஆகும். பிடித்துக்கொண்டவர்கள் ஆசிரியர் இல்லாமலே ஒருவரையொருவர் வளர்க்கிறார்கள். இறுதியாண்டின் பிற்பாதியில் நான் அமர்வுக்குப் போவதை நிறுத்திவிடுகிறேன். நான்கைந்து பேராகக் குழு பிரிந்து, இடமும் நாளும் அவர்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், படித்து வெளியேறும் ஓவியர்கள் பிழைப்புக்காகப் படைப்பைக் கைவிடுவதைப் பார்த்தார். அவரும் மாணவர்களும் சக ஓவியர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடலோரத்தில் நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். இடம், வருமானம், கூட இருந்து பார்க்கும் கண்கள் மூன்றையும் மாணவர்களோடு சேர்ந்தே கட்டிய ஆசிரியர் அவர்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உண்மையாக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கலையால் மட்டுமே பிழைப்பவர்தான் கலைஞர் என்ற எண்ணத்தை நாம் வாயால் சொல்லாவிட்டாலும் நடத்தையால் சொல்லிவிடுகிறோம். இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ், 1976-இல் நியூயார்க்கின் பெரிய ஓபரா (இசைநாடக) அரங்கில் தன் படைப்பு அரங்கேறிய பிறகும் டாக்சி ஓட்டினார். கியூபாவில் பிறந்த ஓவியர் கார்மென் ஹெரேரா, 2004-இல் தன் 89-ஆம் வயதில்தான் முதல் ஓவியத்தை விற்றார். 106 வயதுவரை வாழ்ந்தார். ஒரு வேலை உங்கள் படைப்புக்கு உதவுமா என்று பார்க்கச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், மாலையில் கண்ணிலும் கையிலும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள் என்பேன்.

இந்த இடத்தில்தான் வடிவமைப்பாளர்களின் பாடு வேறுபடுகிறது. டாக்சி ஓட்டுகிறவருக்கு மாலையில் செவி மிச்சம் இருக்கும். நாள் முழுக்க வாடிக்கையாளருக்காக எழுத்தையும் நிறத்தையும் அமைத்தவர், வீட்டுக்கு வந்து அதே திரையில் தனக்காகச் செய்ய உட்கார்ந்தால் வெறுப்புத்தான் வரும். அவர்களுக்கு ஊடகத்தை மாற்றச் சொல்கிறேன்: மாலையில் கத்தரி, கரி, ஊசிநூல் என்று கணினிக்கு வெளியே எதுவானாலும் சரி. வரைகலை வடிவமைப்பாளர் ஸ்டெஃபான் சாக்மெய்ஸ்டர் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை தன் நிறுவனத்தையே ஓராண்டு மூடிவிட்டுச் சொந்தச் சோதனைகளில் இறங்கிவந்தார். எல்லோராலும் ஓராண்டு முடியாது. ஏழு வாரத்துக்கு ஒரு வாரக்கடைசி முடியும். வேலை ஒப்பந்தத்தை வாசிக்கவும் கற்றுக்கொடுங்கள். சொந்த நேரத்தில் செய்ததும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி அதில் இருக்கிறதா, செய்த வேலையைத் தன் தொகுப்பில் காட்ட உரிமை இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பார்க்கத் தெரிய வேண்டும்.

உங்களிடம் ஒரே ஒரு பருவம்தான் இருக்கிறது, எதில் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரத் தடையில் தொடங்குங்கள். அதற்குச் செலவு இல்லை, யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. முடிந்தால் இன்னொன்றையும் செய்யுங்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் காலை எல்லோரையும் ஒரு மணி நேரம் வரவழையுங்கள். சுவரிலிருந்து படங்களை இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் தனக்கே ஒரு சீட்டு எழுத வேண்டும்: அடுத்த முறை கையை எங்கே வைக்க வேண்டும் என்று. என் வகுப்பில் அதை உறையில் போட்டு, முகவரி எழுதி என்னிடம் கொடுப்பார்கள். சரியாக ஓராண்டு கழித்து அஞ்சலில் சேர்ப்பேன்.

போன வகுப்பின் 14 உறைகள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கொஞ்சம் தடிமன். உள்ளே ஒரு துண்டுக் கரியையும் வைத்திருக்கிறான் போலிருக்கிறது, உறையின் மூலை கறுத்திருக்கிறது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டும்.